தமிழ் வலைப்பதிவுக் கருவிகளின் வரலாறு: புன்னக்காயல் அச்சு முதல் திரட்டிக் காலம் வரை

தனிப்பட்ட வலைப்பதிவு ஒன்றைத் தொடங்குபவர் சில தேர்வுகளைச் செய்தாக வேண்டும். எந்த மென்பொருளில் எழுதுவது, எந்தத் தளத்தில் வைப்பது, மறுமொழிப் பெட்டி வேண்டுமா, செய்தியோடை வேண்டுமா, பக்கத்தின் தோற்றம் எப்படி இருக்க வேண்டும் என்பவை எல்லா மொழியினருக்கும் பொதுவானவை. 2003-ஆம் ஆண்டில் தமிழில் எழுத வந்தவருக்கு இவற்றுக்கெல்லாம் முன்னால் வேறொரு கேள்வி இருந்தது. தன் எழுத்து படிப்பவரின் திரையில் தமிழாகத் தெரியுமா என்பதே அது. அக்கேள்விக்கு அவர் அளித்த விடையைப் பொறுத்தே மற்றத் தேர்வுகள் அமைந்தன. சிலருடைய எழுத்து இன்றும் படிக்கக் கிடைப்பதற்கும் சிலருடையது கிடைக்காமல் போனதற்கும் அந்த விடையே பெரும்பாலும் காரணம்.

இதே கேள்வியை 425 ஆண்டுகளுக்கு முன் எதிர்கொண்ட ஊர்களுள் ஒன்று தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் உள்ள புன்னக்காயல்.

புன்னக்காயலும் முதல் அச்செழுத்துகளும்

புன்னக்காயல் (புன்னைக்காயல் என்றும் எழுதப்படும்) பரதவர் வாழும் கடற்கரை ஊர். இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. 1986-இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் போர்த்துக்கீசியர் நிலைகொண்டிருந்த முக்கிய இடங்களுள் இதுவும் ஒன்று. 1546-இல் இந்தியா வந்த இயேசு சபைத் துறவி என்றிக்கே என்றிக்கசு (தமிழில் அண்டிரிக் அடிகளார்) 1600-இல் இறக்கும் வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டை இக்கடற்கரையில் கழித்தார். தமிழ் கற்றுப் போர்த்துக்கீசிய மொழியில் தமிழ் இலக்கணம் ஒன்றும் எழுதினார்.

அவருக்கு முன்பே தமிழ் அச்சேறியிருந்தது, ஆனால் தமிழ் எழுத்தில் அல்ல. 1554-இல் லிஸ்பனில் வெளிவந்த 'கார்த்தில்யா' என்னும் சிறு நூலில் தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டன. முத்துக்குளித்துறையிலிருந்து சென்று லிஸ்பனில் இருந்த தமிழர் மூவர் அதன் ஆக்கத்தில் பங்குபெற்றனர். கையில் இருந்த அச்சுகளைக் கொண்டே வேலையை முடிக்கும் வழி அது, செலவு குறைவு. ஆனால் அந்நூலைப் போர்த்துக்கீசியப் பாதிரியார் படிக்கலாமே தவிர, தமிழ் எழுத்து மட்டும் அறிந்த பரதவர் படிக்க முடியாது. யார் படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு எழுத்தின் தேர்வே விடை சொல்லிவிட்டது.

தமிழ் எழுத்தை வார்க்கும் முயற்சி 1577-இல் கோவாவில் தொடங்கியது. ஜோவாம் கொன்சால்வஸ் அங்கு ஒரு தொகுதி எழுத்துகளை உருவாக்கினார். அடுத்த ஆண்டு கொல்லத்தில் ஜோவாம் டி பாரியா மேலும் தெளிவான இன்னொரு தொகுதியை வார்த்தார். 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் அச்சாகி முடிந்த 16 பக்க நூலான 'தம்பிரான் வணக்கம்', இன்று கிடைப்பவற்றுள் இந்திய எழுத்தில் அச்சான மிகப் பழைய நூலாகும். அதன் கடைசிப் பக்கத்தில் கோவா எழுத்து, கொல்லம் எழுத்து ஆகிய இரண்டுக்கும் மாதிரி காட்டப்பட்டுள்ளது. இரண்டு எழுத்துருக்களை அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்த்ததற்கு 1578-இலேயே சான்று உள்ளது என்பது சுவையான செய்தி.

1579-இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சானது. 1586-ஆம் ஆண்டைச் சேர்ந்த 'அடியார் வரலாறு' புன்னக்காயலில் அச்சிடப்பட்டது என்பது பரவலான கருத்து. அச்சிட்ட இடம் குறித்து ஆய்வாளரிடையே வேறு கருத்தும் உண்டு. அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூலின் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருப்பதை 1954-இல் தனிநாயகம் அடிகள் கண்டறிந்தார். 1967-இல் ச. இராசமாணிக்கம் அடிகள் அதைத் தூத்துக்குடியில் மறுபதிப்பாக வெளியிட்டார்.

இவ்வச்செழுத்துகள் ஓலைச்சுவடி வழக்கைப் பின்பற்றின. மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு காட்டப்படவில்லை. ரகரமும் கால் குறியும் ஒரே வடிவில் இருந்தன. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் ஏட்டில் அது தவிர்க்கப்பட்டது என்பர். ஈயத்துக்கு அந்த அச்சம் இல்லை. ஆயினும் வாசகர் பழகிய வடிவத்தையே அச்சுக்கும் தேர்ந்தனர். புதுக் கருவி வந்த பின்னும் பழைய கருவியின் குறை சில காலம் தொடரும் என்பதற்கு இதை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். எகர ஏகார வேறுபாட்டைக் காட்டும் வடிவங்கள் 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரால் நிலைபெற்றன.

எழுத்தின் அளவும் ஒரு தேர்வுதான். 1713-இல் தரங்கம்பாடி அச்சுக்கூடத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. தாள் ஏராளமாகச் செலவாயிற்று. தாளோ கப்பலில் வரவேண்டிய பொருள். எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டனர்.

ரோமன் எழுத்திலிருந்து ஒருங்குறிக்கு

இணையத் தமிழின் தொடக்கம் ஏறக்குறைய 'கார்த்தில்யா' நிலையிலேயே இருந்தது. 1990-களின் முற்பகுதியில் 'சாக்.கல்ச்சர்.டமில்' போன்ற யூசுநெட் குழுக்களில் தமிழர் ரோமன் எழுத்திலேயே தமிழை எழுதினர். 'ஆதமி', 'மதுரை' போன்ற நிரல்கள் ரோமன் எழுத்தில் உள்ளிட்டதைத் தமிழ் வடிவில் காட்டின. 1995 அக்டோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் எழுத்தோடு கூடிய இணையப் பக்கம் வெளியானது. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'முரசு அஞ்சல்' மின்னஞ்சலிலும் குழுக்களிலும் பரவியது.

ஆனால் ஒவ்வோர் எழுத்துருவும் தனித்தனிக் குறியேற்றத்தைக் கொண்டிருந்தது. குறியேற்றம் என்பது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற ஒப்பந்தம். ஆங்கிலத்துக்கு அது முன்பே முடிவானது. தமிழ் எழுத்துருக்களோ ஐரோப்பிய எழுத்துகளுக்கு உரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்தன. எழுதியவரிடம் இருந்த எழுத்துரு படிப்பவரிடம் இல்லையென்றால், திரையில் கொம்பும் கூரையும் முளைத்த இலத்தீன் எழுத்துகளின் குவியலே தெரியும். ஈழத் தமிழரிடையே 'பாமினி' பரவலாக இருந்தது. தமிழ்நாட்டு நாளிதழ்கள் ஆளுக்கொரு எழுத்துருவை வைத்திருந்தன.

இக்குழப்பத்தைத் தீர்க்க மின்னஞ்சல் குழுக்களில் விவாதித்துத் தன்னார்வலர்கள் உருவாக்கியது 'தகுதரம்' எனப்படும் திஸ்கி. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் இதில் முன்னின்றவர்களுள் ஒருவர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும் இக்குறியேற்றத்தைப் பயன்படுத்தின. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் தாம், தாப் என்ற வேறு இரு தரங்களும் 'தமிழ் 99' விசைப்பலகையும் பரிந்துரைக்கப்பட்டன. ஒரு தரம் வேண்டும் என்று புறப்பட்டவர்களுக்குப் பல தரங்கள் கிடைத்தன.

இதற்கிடையில் ஒருங்குறி இருந்தது. உலகின் எழுத்து முறைகளுக்குத் தனித்தனி இடம் தரும் அத்தரத்தின் 1991-ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அது இந்திய அரசின் இஸ்கி அமைப்பைத் தழுவியது. அகரமேறிய மெய்யை அடிப்படையாகவும் புள்ளியைத் தனிக் குறியாகவும் கொண்டது. 'தமிழ்' என்னும் சொல் அதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். யூடிஎஃப் 8 முறையில் 15 பைட்டுகள். மெய்யெழுத்தை அடிப்படையாகக் கொள்ளும் தமிழ் இலக்கணத்துக்கு இது பொருந்தவில்லை என்ற எதிர்ப்பு எழுந்தது. அதில் நியாயம் உண்டு. ஆயினும் இயங்குதளத்தை உருவாக்கும் நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டது ஒருங்குறியைத்தான். விண்டோஸ் 2000 இயங்குதளம் 'லதா' எழுத்துருவோடு வந்தபோது, படிப்பவர் எதையும் தேடி நிறுவாமலேயே தமிழைப் படிக்கும் வாய்ப்பு பிறந்தது.

2003-இன் பதிவர் செய்த தேர்வுகள்

பிளாக்கர் சேவை 1999 ஆகஸ்டில் தொடங்கியது. 2003 பிப்ரவரியில் கூகுள் அதை வாங்கியது. தமிழில் முதல் வலைப்பதிவுகள் 2003-இன் தொடக்கத்தில் தோன்றின. அப்போது எழுத வந்தவர் முதலில் திஸ்கியா ஒருங்குறியா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. நண்பர்கள் பெரும்பாலும் திஸ்கியில் படிக்கப் பழகியவர்கள். அவர்களிடம் எழுத்துரு இருந்தது. விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களின் கணினியில் ஒருங்குறித் தமிழ் பெரும்பாலும் சிதைந்தது. அன்றைய வாசகரைப் பார்த்தால் திஸ்கி, நாளைய வாசகரைப் பார்த்தால் ஒருங்குறி என்ற நிலை.

இதைச் சமாளிக்க இயங்கு எழுத்துரு உதவியது. பக்கத்தோடு சேர்ந்தே எழுத்துருவும் இறங்கிவரும் இம்முறையில் பதிவர் தம் வார்ப்புருவில் சில வரிகளைச் சேர்த்தால் போதும். அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி உருவாக்கிய 'தேனீ' ஒருங்குறி எழுத்துரு இவ்வகையில் பல பதிவுகளில் இடம்பெற்றது. ஆனால் மைக்ரோசாஃப்ட் வடிவிலான இயங்கு எழுத்துரு இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே வேலை செய்தது.

அடுத்தது தட்டச்சு. 'தமிழா' குழு வெளியிட்ட 'எ-கலப்பை' இலவசமாகக் கிடைத்தது. கீமேன் என்ற விசைப்பலகைப் பொறியின் மேல் கட்டப்பட்ட இது, எந்தச் செயலியிலும் நேரடியாகத் தமிழில் எழுத வழிசெய்தது. அதற்குமுன் பலர் ஒரு பெட்டியில் எழுதி, மாற்றி, நகலெடுத்து, பதிவில் ஒட்டிக்கொண்டிருந்தனர். நிறுவ வசதியில்லாத அலுவலகக் கணினிகளிலும் இணைய மையங்களிலும் சுரதா யாழ்வாணனின் 'பொங்குதமிழ்' மாற்றி கைகொடுத்தது. பாமினியிலோ திஸ்கியிலோ இருப்பதை ஒட்டினால் ஒருங்குறியாகத் தந்தது. விசைப்பலகை அமைப்பில் இரு கட்சிகள் இருந்தன. 'அம்மா' என எழுத ரோமன் விசைகளை அழுத்துவோர் ஒருபுறம். குறைந்த விசைகளில் எழுதலாம் என்று தமிழ் 99-ஐப் பரிந்துரைப்போர் மறுபுறம். பழகும் வேகம் காரணமாக முதல் முறையே பரவலாயிற்று. பின்னாளில் நியூ ஹொரைசன் மீடியாவின் 'என்.எச்.எம். ரைட்டர்' எல்லா அமைப்புகளையும் ஒரே மென்பொருளில் தந்ததால் அந்த வாதம் தணிந்தது.

தோற்றத்தைப் பற்றிய ஒரு தேர்வு பலரைக் காரணம் தெரியாமல் அலைக்கழித்தது. அச்சுப் புத்தகம்போல் பத்தியின் இரு ஓரங்களும் நேராக இருக்க வேண்டும் என்று விரும்பியவர்கள் வார்ப்புருவில் அதற்கான கட்டளையைச் சேர்த்தனர். எக்ஸ்புளோரரில் பக்கம் அழகாக இருந்தது. அன்றைய ஃபயர்ஃபாக்ஸ் உலாவியிலோ கொம்பும் காலும் புள்ளியும் எழுத்தை விட்டுப் பிரிந்து நின்றன. 2008-இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3 இதைச் சரிசெய்தது. அதுவரை மறுமொழிகளில் வாசகர் முறையிட்டுக்கொண்டே இருந்தனர். இடப்பக்கம் மட்டும் ஒழுங்குபடுத்திய, எவ்வித அலங்காரமும் இல்லாத பதிவுகள் எல்லா உலாவியிலும் படிக்கக் கிடைத்தன.

திரட்டியும் செய்தியோடையும்

பதிவு எழுதியாயிற்று, அதைப் பிறர் எப்படி அறிவது? தொடக்கத்தில் கனடாவில் வாழ்ந்த மதி கந்தசாமி தொகுத்த பட்டியலே தமிழ்ப் பதிவுகளுக்கு வாயிலாக இருந்தது. 2004 ஆகஸ்டில் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' திரட்டியைத் தொடங்கினார். ஒவ்வொரு பதிவின் செய்தியோடையையும் குறித்த இடைவெளியில் வாசித்து, புதிய இடுகைகளின் தலைப்பையும் முதல் சில வரிகளையும் ஒரே பக்கத்தில் காட்டியது அது.

இதன் விளைவு எதிர்பாராதது. அதுவரை செய்தியோடை என்றால் என்ன என்று கவலைப்படாத பதிவர்கள், ஓடை தராத மென்பொருளைக் கைவிட்டனர். பல பதிவுகள் ஒரே பக்கத்தில் சேர்ந்து தெரிய வேண்டுமானால் அவை ஒரே குறியேற்றத்தில் இருந்தாக வேண்டும். எந்தக் குழுவும் தீர்மானம் போட்டுச் சாதிக்க முடியாததை ஒரு திரட்டியின் முகப்புப் பக்கம் சாதித்தது. ஒருங்குறியில் எழுதாதவர் கூட்டத்துக்கு வெளியே நின்றார். தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது 2010-இல்தான். பதிவர்கள் அந்த முடிவுக்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டிருந்தனர்.

திரட்டியின் கருவிப்பட்டையைப் பதிவில் சேர்க்க ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தேவை. பிளாக்கர் வார்ப்புருவில் அதை ஒட்டலாம். 2005-இல் வந்த வேர்ட்பிரஸ்.காம் இலவசச் சேவை, பாதுகாப்புக் கருதி அத்தகைய நிரல்களை அனுமதிக்கவில்லை. பகுப்புகள், தனிப் பக்கங்கள் எனப் பல வசதிகளை அது தந்தபோதும், கூட்டத்தின் வாக்குப் பட்டையை விரும்பியவர்கள் பிளாக்கரிலேயே தங்கினர். அமைதியாக எழுத விரும்பியவர்களுக்கு அந்தக் குறையே வசதியாகவும் இருந்தது.

மறுமொழிப் பெட்டியின் இழப்பு

தமிழ் வலைப்பதிவுகளின் உயிர் மறுமொழிகளில் இருந்தது என்று சொல்வது மிகையாகாது. பதிவு பத்து வரி இருக்கும். கீழே விவாதம் நூறு வரி ஓடும். வட்டாரச் சொல் விளக்கம், இலக்கியச் சண்டை, ஊர் நினைவு, திருத்தம் எல்லாம் அங்கேதான் நடந்தன.

2004 மே மாத மறுவடிவமைப்பு வரை பிளாக்கரில் மறுமொழி வசதியே கிடையாது. எனவே முன்னோடிப் பதிவர்கள் ஹாலோஸ்கேன் போன்ற வெளிச் சேவையை இணைத்துக்கொண்டனர். இதில் மறுமொழிகள் பதிவோடு சேமிக்கப்படுவதில்லை. வேறொரு நிறுவனத்தின் கணினியில் இருக்கும். 2009-இன் இறுதியில் ஹாலோஸ்கேனை மூடி, பயனரைக் கட்டணச் சேவை ஒன்றுக்கு மாற்றும் அறிவிப்பு வந்தது. அந்தப் புதிய சேவையும் 2012-இல் நின்றது. இடைக்காலத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டவர்களுக்கு அறிவிப்பைப் பார்க்கும் வாய்ப்பே இருந்திருக்காது. 2003, 2004-ஆம் ஆண்டுகளின் தமிழ்ப் பதிவுகளைத் தேடிப் படிப்பவர் இன்று காணும் பெருங்குறை இதுவே: உரை இருக்கிறது, அதற்குக் கிடைத்த பதில்கள் இல்லை.

பிளாக்கரின் சொந்த மறுமொழிப் பெட்டிக்கு வேறு சிக்கல் வந்தது. பெயரை யாரும் தட்டச்சிடலாம் என்ற நிலையில், பிறர் பெயரில் வசைமொழி இடும் போலிகள் பெருகினர். இதனால் மறுமொழியைப் பதிவர் படித்துப் பார்த்த பிறகே வெளியிடும் மட்டுறுத்தலும், கணக்கு உள்ளவர் மட்டும் எழுதும் கட்டுப்பாடும் பரவின. வசை குறைந்தது, உரையாடலின் வேகமும் குறைந்தது.

இடமும் முகவரியும்

இலவச இடம் எவ்வளவு நிலையற்றது என்பது 2006 ஜூலையில் தெரிந்தது. மும்பை ரயில் குண்டுவெடிப்புகளுக்குப் பின் சில பக்கங்களை மட்டும் தடுக்குமாறு இந்திய அரசு உத்தரவிட்டது. இணையச் சேவை நிறுவனங்கள் பல பிளாக்ஸ்பாட் முழுவதையும் அடைத்துவிட்டன. சில நாட்களுக்கு இந்தியாவிலிருந்த தமிழ்ப் பதிவர்களால் தம் பதிவைத் தாமே பார்க்க முடியவில்லை.

2012-இல் கூகுள் செய்த மாற்றம் சிறியதாகத் தோன்றியது. இந்தியாவிலிருந்து பார்ப்பவருக்கு பிளாக்ஸ்பாட்.காம் என்ற முகவரி பிளாக்ஸ்பாட்.இன் என மாறிற்று. முகவரியை வைத்து இடுகையை அடையாளம் காணும் வாக்குப் பட்டைகளும் திரட்டிகளும் ஒரே இடுகையை இரண்டாகக் கண்டு குழம்பின. திருப்பிவிடும் நிரலை வார்ப்புருவில் ஒட்டுவது எப்படி என்று விளக்கும் இடுகைகள் அக்காலத்தில் வந்தன. சொந்தப் பெயரில் ஆள்களம் வாங்கியிருந்தவர்களை இது தொடவில்லை. ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் என்பது பலருக்குத் தேவையற்ற செலவாகத் தெரிந்திருந்தது.

பதிவு முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதியை பிளாக்கர் 2008-இல் தந்தது. அக்கோப்பை வேர்ட்பிரஸில் ஏற்றலாம். வெறும் உரையாகவும் திறந்து படிக்கலாம், ஒருங்குறியில் எழுதியிருந்தால். 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது அங்கிருந்த தமிழ்ப் பக்கங்களும் போயின. அவற்றுள் இணைய ஆவணகம் போன்றவற்றில் சிக்கியவை இன்றும் உள்ளன. ஆவணகத்துப் படி ஒன்றில் தமிழுக்குப் பதிலாக இலத்தீன் எழுத்துக் குவியல் தெரிந்தால், அதை எழுதிய எழுத்துரு எது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. பாமினி, திஸ்கி, தாப் என ஒவ்வொன்றாக மாற்றியில் இட்டுப் பார்க்க வேண்டும்; சரியானது அமைந்ததும் உரை தமிழாகிவிடும். மதுரைத் திட்டத்தின் திஸ்கி மின்னூல்களும் பின்னர் இதேபோல் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டே இப்போது படிக்கப்படுகின்றன.